ருக்மிணி தைத்த ஊசிப் பை

ஸ்வெட்டர் பின்னலிலிருந்து ஊசியை உருவினால் கண்ணிகள் கழன்றுவிடும் என்பது ருக்மிணிக்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. வருஷம் முழுக்க வேர்க்கிற அம்பாசமுத்திரத்தில் கம்பளி நூலை யார் கண்டார்கள்? இந்த நியாயம் லீலாவதிக்கும் தோன்றத்தான் செய்தது. மூன்று மாதம் தாமதமாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

லீலாவதியும் ஒரு காலத்தில் அப்படி வந்தவள்தான். தென்காசியில் பிறந்து, மத்திய அரசு ஊழியரான ஜம்புவைக் கட்டிக்கொண்டு ஆர்.கே.புரம் குவார்ட்டர்சுக்குக் குடிவந்தாள். அந்த முதல் குளிர்காலத்தில் சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய கோட்டை மாட்டிக்கொண்டுதான் லோதி ரோட்டில் தன் ஆபீசுக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் பெண்கள் எல்லாரும் புல்தரையில் வெயில் காய உட்காருவார்கள். நடுவில் வறுத்த கடலையும் ஆரஞ்சுப் பழமும் இருக்கும். வாய் ஒரு பக்கம் பேசும், கை ஒரு பக்கம் பின்னும். லீலாவதியின் கைதான் சும்மா இருந்தது. மதராஸிகளுக்கு இட்லி அவிப்பதைத் தவிர வேறு என்ன வரும் என்று யாரோ இந்தியில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். ஆனாலும் அது அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

மாடி வீட்டு கம்லேஷ் பெஹன்ஜியிடம் மூன்று குளிர்காலம் பாடம் கேட்டாள். ஐந்தாவது குளிர்காலத்தில், சிரித்த அதே பெண்கள் அவளிடம் வந்து ஜடை டிசைன் எப்படிப் போடுவது என்று கேட்டார்கள். அன்றைக்கு லீலாவதி ஒரு முடிவுக்கு வந்தாள். டில்லியில் ஒரு பெண் மரியாதையோடு வாழ வேண்டுமென்றால் ஊசி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாகச் சொல்லிக்கொண்டாள், அவளாக நம்பினாள்.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் தீபாவளி முடிந்த கையோடு ஜம்புவின் தங்கை ருக்மிணி டில்லிக்கு வந்தாள். இருபத்து நாலு வயது. ஊரில் பார்த்த இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. டில்லியில் நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, இங்கே பார்ப்போம் என்று லீலாவதிதான் மாமனாருக்கு எழுதி அவளை வரவழைத்தாள். வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஜம்புவின் ஆபீசில் வேலை பார்க்கும் சந்திரசேகர் தமிழ்ப் பத்திரிகைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தான். அடுத்த ஞாயிறு, கொடுக்க எதுவும் இல்லாமலே வந்தான். அதற்கடுத்த ஞாயிறு, காலையில் எழுந்ததிலிருந்து ருக்மிணி நாலு தரம் ஜன்னலைத் துடைத்தாள். லீலாவதிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சந்திரசேகருக்கு அப்பா இல்லை. அம்மா விசாலாக்ஷி மதுரைக்காரி, முப்பது வருஷமாக லோதி காலனியில் குடியிருப்பவள். தமிழ்ச் சங்கத்தின் மகளிர் குழுவை நடத்துகிறவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மலைமந்திர் முருகன் கோயிலில் அவளைப் பார்த்தபோது, லீலாவதி பேச்சோடு பேச்சாக, எங்கள் ருக்கு அருமையாக ஸ்வெட்டர் பின்னுவாள் என்று சொல்லிவைத்தாள். உங்கள் பையனுக்குக்கூட ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறாள் என்றும் சேர்த்துக்கொண்டாள். விசாலாக்ஷி “அப்படியா” என்றாள். கார்த்திகை முடிவதற்குள் ஒரு ஞாயிறு பெண்ணைப் பார்க்க வருவதாகச் சொன்னாள்.

சொன்ன பொய்க்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டுமே. அன்று மாலையே சாம்பல் நிற நூல் வாங்கி, கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றை லீலாவதி ஆரம்பித்தாள். இதை ருக்மிணியிடம் சொன்னபோது அவள் தயங்கினாள். கல்யாணம் ஆனபிறகு நானே கற்றுக்கொடுக்கிறேன், ஒரு மாசத்தில் வந்துவிடும் என்று லீலாவதி வாயை அடைத்துவிட்டாள்.

ருக்மிணிக்கு வருவது தையல். மிஷின் கூட வேண்டாம், கையாலேயே தைப்பாள். அவள் ஒட்டுப் போட்ட தலையணை உறையில் ஒட்டு எங்கே என்று ஜம்பு கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார். லீலாவதியின் ஊசிகள் இருந்த லட்சணம் அவளை உறுத்தியிருக்க வேண்டும். எட்டாம் நம்பரிலிருந்து பதினாலாம் நம்பர் வரை எல்லா ஜோடியும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் குத்திக்கொண்டு நின்றன. ஒன்றோடொன்று உரசி முனை மழுங்கும், தேடும்போது ஜோடி மாறும். ஆபீசுக்குக் கைப்பையில் போட்டு எடுத்துப் போனால் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஒரு தரம் பஸ் நெரிசலில் முன்னால் நின்ற சர்தார்ஜியின் முதுகில் குத்தி, அவர் முனிர்கா வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். இந்தக் கதையை லீலாவதி சொல்லி எல்லாரும் சிரித்தபோது ருக்மிணியும் சிரித்தாள். ஆனால் மறுநாளே, லீலாவதி ஆபீசுக்குப் போன பிறகு, துணியைத் தேடி எடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வாரத்தில் பை தயாரானது. மேலே ஜம்புவின் பழைய நீல பேண்ட் துணி, உள்ளே மஞ்சள் சுங்குடி. விரித்தால் ஒரு முழம். ஒவ்வொரு ஜோடி ஊசிக்கும் குறுகலான ஓர் அறை, அறைக்கு மேல் அதன் நம்பர் சிவப்பு நூலில். ஊசி நழுவி விழாமல் மேலே மடித்துவிட ஒரு மூடி. பாயைப் போலச் சுருட்டி நாடாவால் கட்டிவிடலாம். வியாழக்கிழமை மத்தியானம் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து ஒவ்வொரு ஜோடியாக உள்ளே வைத்தாள். ஒன்பதாம் நம்பர் அறை மட்டும் காலியாக இருந்தது. அந்த ஜோடி எங்கே என்று பார்த்தாள். சாம்பல் நிறப் பின்னலில் கோத்துக் கிடந்தது. மெதுவாக உருவி எடுத்து, துடைத்து, அதன் அறையில் வைத்தாள். பின்னலை இஸ்திரி போட்ட துணியைப் போல நாலாக மடித்து பீரோவுக்குள் வைத்தாள்.

சாயங்காலம் லீலாவதி பீரோவைத் திறந்து பின்னலை உதறி எடுத்தாள். முன்பக்கம் முழுக்கக் கண்ணிகள் படிப்படியாகச் சரிந்து கிடந்தன. நடுவில் இருந்த ஜடை பிரிந்து இருந்த இடம் தெரியவில்லை. அவர்கள் வருவதாகச் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

யார் ஊசியை உருவியது என்று கேட்டபோது ருக்மிணி பையை எடுத்துக்கொண்டு சிரித்தபடியே வந்தாள்.

“நாந்தான் மதினி. ஒம்பதாம் நம்பர் அறை மட்டும் காலியாக் கெடந்துச்சு.”

அதற்குப் பிறகு லீலாவதி பேசியதை லீலாவதியே பின்னால் நினைத்துப் பார்க்கப் பயந்தாள். துணி தைக்கத் தெரிந்தால் போதுமா, மூளை வேண்டாமா என்று கேட்டாள். ஊரிலேயே விட்டு வைத்திருக்க வேண்டும் என்றாள். ஜம்பு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தெரியாமல்தானே செய்தாள், விடேன் என்றார். நீங்கள் சும்மா இருங்கள் என்று அவருக்கும் ஒன்று விழுந்தது. ருக்மிணி பையைச் சுருட்டி நாடாவைக் கட்டி மேஜைமேல் வைத்துவிட்டு, சப்பாத்திக்கு மாவு பிசையப் போனாள்.

வெள்ளிக்கிழமை லீலாவதி லீவு போட்டுவிட்டுப் பின்னினாள். கெட்டியாக நின்ற வரி வரைக்கும் பிரித்து, மறுபடி ஏற்றினாள். நம்பர் பார்த்து ஊசியை எடுக்க, வைக்க, அந்தப் பை எத்தனை வசதி என்று கை கண்டுகொண்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. ருக்மிணி பக்கத்திலேயேதான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் கோபம் குறுக்கே நின்றது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மாலை ஸ்வெட்டர் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, விசாலாக்ஷியும் சந்திரசேகரும் பதினோரு மணிக்கு வந்தார்கள். லீலாவதி ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள். எங்கள் ருக்குவின் கைவேலை என்றாள். விசாலாக்ஷி வாங்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி மகனிடம் கொடுத்தாள். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். விசாலாக்ஷியின் கண் மேஜைமேல் போயிற்று. எழுந்து போய் அந்தப் பையை எடுத்தாள். நாடாவை அவிழ்த்து விரித்தாள். அறை அறையாக விரலை ஓட்டினாள். பிறகு தையல் தெரிந்தவர்கள் செய்வதுபோல ஓரத்தைப் புரட்டி உள்பக்கத்து முடிச்சைத் தேடினாள்.

“இது யாரு தச்சது லீலா?”

அந்த நேரம் பார்த்து ருக்மிணி காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். லீலாவதி அவசரமாக யோசித்தாள். ருக்கு தைத்தது என்று சொன்னால் பேச்சு வளரும். எப்போது தைத்தாய், எப்படி வைத்தாய் என்று போய், ஊசியை உருவிய கதை வரும். பின்னத் தெரிந்தவள் யாராவது ஊசியை உருவுவாளா என்று வரும். எல்லாம் வெளிச்சமாகிவிடும்.

“அதுவாம்மா? சரோஜினி நகர் பட்ரியில கெடச்சுது. சல்லிசாக் குடுத்தான்.”

சரோஜினி நகர் நடைபாதைக் கடைகளில் கிடைக்காதது எதுவும் இல்லை என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். விசாலாக்ஷி “அச்சா” என்று மட்டும் சொன்னாள். பையைச் சுருட்டி, நாடாவை முன்பு இருந்தபடியே கட்டி வைத்தாள். ருக்மிணி ஒரு சொட்டு சிந்தாமல் எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். லீலாவதியை அவள் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜம்பு ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தார். அவர்களுக்குப் பூரண சம்மதம், சந்திரசேகர் ஆபீசில் வந்து சொன்னான் என்றார். லீலாவதி ஒரு ஜிலேபியை எடுத்து ருக்மிணியின் வாயருகே கொண்டுபோனாள். ருக்மிணி முகத்தைத் திருப்பவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

“நீங்க பின்னுனத நான் பின்னுனதுன்னு சொன்னீய மதினி. நான் தச்சத கடையில வாங்குனதுன்னு சொன்னீய. அப்ப அவுக பாத்துட்டுப் போன பொண்ணு நான் இல்லையே.”

ஜிலேபி லீலாவதியின் விரலில் ஒட்டிக்கொண்டது. உனக்கு அவரைப் பிடிக்கவில்லையா என்று கேட்டாள்.

“பிடிக்காமயா அத்தன தடவ ஜன்னலத் துடைச்சேன்?” ருக்மிணி லேசாகச் சிரித்தாள். “நீங்க போயி உள்ளதச் சொல்லிட்டு வாங்க. அதுக்குப் பெறவும் அவுக சரின்னா எனக்குச் சம்மதம். இல்லேன்னா அங்க போயி தெனமும் நான் பயந்து பயந்துல்லா இருக்கணும்?”

இதென்ன பெரிய காரியம், நாளைக்கே போகிறேன் என்றாள் லீலாவதி. மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் லோதி காலனி வரைக்கும் நடந்தே போனாள். விசாலாக்ஷியின் வீட்டு விளக்கு தெரிந்தது. என்னவென்று தொடங்குவது? மகளிர் குழுவில் விசாலாக்ஷி யாருக்காவது லீலாவதியை அறிமுகப்படுத்தும்போது, “நம்ம லீலா, தங்கமான பொண்ணு” என்று சொல்வது வழக்கம். கோயிலில் நின்று பொய் சொன்னவள், வீட்டில் வைத்து இன்னொன்றும் சொன்னவள் என்று தெரிந்த பிறகு அந்த வாய் என்ன சொல்லும்? லீலாவதி திரும்பி பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்து, விசாலாக்ஷி அங்கே இல்லை என்று ருக்மிணியிடம் சொன்னாள்.

அந்த வாரமே மார்கழி பிறந்தது. மார்கழியில் கல்யாணப் பேச்சு கூடாது, தை பிறக்கட்டும் என்று லீலாவதி சொன்னாள். யாரும் மறுக்க முடியாத காரணம். அந்த ஒரு மாதத்துக்குள் போர்வைக்குள் ஒளிவது போல ஒளிந்துகொண்டாள். கேட்டு வந்த சந்திரசேகரிடம் ஜம்புவும் அதையே சொல்லி அனுப்பினார். ருக்மிணி பனியில் தினமும் விடியற்காலையில் மலைமந்திருக்குப் போய்வந்தாள். சாயங்காலம் லீலாவதி ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பாள். கேட்கமாட்டாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல முடியாமல் லீலாவதி நேரே குளியலறைக்குப் போய்விடுவாள்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், கரும்புச் சக்கையைப் பெருக்கிக்கொண்டே ருக்மிணி ஒரே ஒரு தரம் கேட்டாள்.

“தை பொறந்துட்டே மதினி?”

இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றாள் லீலாவதி. அந்த ஞாயிறு தலைவலி. அடுத்த முறை குடியரசு தின ஒத்திகைக்காக பஸ்ஸை எல்லாம் திருப்பி விட்டிருந்தார்கள். தலைவலியும் நிஜம், பஸ் திரும்பியதும் நிஜம். சந்திரசேகர் மறுபடியும் ஜம்புவைக் கேட்டான். ஊரில் அப்பாவிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம் என்று ஜம்பு மழுப்பினார். பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது நின்றது. ஊரிலிருந்து அப்பாவின் கடிதம் வந்தது. டில்லி விஷயம் என்ன ஆயிற்று, இங்கே தென்காசியில் கூட்டுறவு பாங்கில் ஒரு பையன் இருக்கிறான் என்று எழுதியிருந்தார். ருக்மிணி கடிதத்தைப் படித்து மடித்து, அண்ணனிடம் டிக்கெட் எடுக்கச் சொன்னாள்.

நியூடெல்லி ஸ்டேஷனில், ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போய்ச் சொல்லிவிட்டு உடனே உனக்கு எழுதுகிறேன் என்று லீலாவதி சொன்னாள். எழுதுங்கள் மதினி என்றாள் ருக்மிணி. குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அன்றே போயிருப்பேனோ என்னவோ என்று லீலாவதி பின்னால் நினைத்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் குளிர் விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பளித் துணிகளை எல்லாம் பாச்சை உருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் அடுக்கும்போது, ஊசிப் பையை விரித்தாள். உள்ளே இருந்த மஞ்சள் சுங்குடி எங்கேயோ பார்த்ததாக இருந்தது. உற்றுப் பார்த்தாள். தீபாவளிக்கு ருக்மிணி கட்டியிருந்த புதுச் சேலை. ஒட்டுத் துணி கிடைக்காமல், இடுப்பில் செருகும் உள்முந்தியில் வெளியே தெரியாத இடத்தில் வெட்டி எடுத்திருக்கிறாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வியாழக்கிழமை அத்தனை பேச்சு வாங்கியபோதும் சொல்லவில்லை.

லீலாவதி பெட்டியை மூடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

விசாலாக்ஷி மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். லீலாவதி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்வெட்டர், ஊசியை உருவியது, பேசிய பேச்சு, பட்ரி, மார்கழி, எதையும் விடவில்லை. விசாலாக்ஷி தொடங்கிய வரிசையைப் பிழிந்து முடித்தாள்.

“சரோஜினி நகர் பட்ரியில உள்பக்கம் சுங்குடி வெச்சா தச்சு விக்கறான்? நான் மதுரைக்காரிம்மா.”

லீலாவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அந்தத் தையலைப் பாத்துட்டுத்தான் நான் சரின்னேன். முடிச்சு இருக்கற எடமே தெரியல. பொறுமைசாலிப் பொண்ணுன்னு நெனச்சேன். அதை நீ ஏன் மறைக்கறேன்னுதான் புரியல. கல்யாணம் ஆனா அவளே சொல்லுவான்னு விட்டுட்டேன்.” கையைத் துடைத்துக்கொண்டாள். “ஸ்வெட்டர் பின்னத் தெரியணும்னு நான் எப்ப லீலா கேட்டேன்? சேகருக்குக் கம்பளி பட்டாலே கழுத்தெல்லாம் அரிக்கும். அவன் போட்டுக்கவே மாட்டான்.”

கோயிலில் நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமையை லீலாவதி மனதுக்குள் திரும்பிப் பார்த்தாள். விசாலாக்ஷி கேட்கவில்லை. ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் புல்தரையில் எழுந்த ஒரு சிரிப்பு. அதற்குப் போய் ருக்மிணியை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் பதிலே சொல்லாததால் பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று நினைத்தோம் என்றாள் விசாலாக்ஷி. சேகருக்கு இன்னும் எதுவும் முடிவாகவில்லை, பார்த்த இரண்டு இடத்தையும் அவன் வேண்டாம் என்றுவிட்டான் என்றும் சொன்னாள்.

“கீழ மார்க்கெட்ல எஸ்டிடி பூத் இருக்கு. போய்ப் பேசிட்டு வா. ஜல்தி.”

லீலாவதி படிகளை இரண்டிரண்டாக இறங்கினாள். அம்பாசமுத்திரத்தில் பக்கத்து டாக்டர் வீட்டுக்குத்தான் போன் போட வேண்டும். ருக்மிணியைக் கூப்பிட்டு அனுப்பச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் பூத் வாசலில் நின்று, மறுபடி நம்பரைச் சுற்றினாள்.

மூச்சு வாங்க ருக்மிணி வந்தாள். அண்ணன் சௌக்கியமா என்று கேட்டாள். பிறகு, அப்பா எழுதிய கடிதம் வந்து சேர்ந்ததா என்றாள்.

“என்ன கடிதம் ருக்கு?”

“முந்தா நாள் தென்காசிக்காரவுக வந்து பூ வச்சுட்டுப் போயிட்டாவ மதினி. பங்குனியிலேயே முகூர்த்தம். நல்ல மனுசங்களாத்தான் தெரியுது.”

பூத்தின் கண்ணாடிக்கு வெளியே ஒருவன் கொய்யாப்பழத்தை நறுக்கி மசாலா தூவிக்கொண்டிருந்தான். லீலாவதி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூ வைத்தாகிவிட்டது என்றால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

“போயிச் சொன்னீயளா?” என்றாள் ருக்மிணி.

“சொன்னேன்.”

“என்ன சொன்னாவ?”

கோபித்துக்கொண்டார்கள், திட்டி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பெண் எதையும் இழக்காதவளாக, நிம்மதியாக மணையில் உட்காருவாள். வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இப்படித் தயாராக வந்து நிற்கிற வார்த்தைகளைக் கண்டுதான் லீலாவதிக்கு இப்போது பயமாக இருந்தது.

“அவுக கேக்கவே இல்ல ருக்கு. பின்னத் தெரியணும்னு கேக்கவே இல்ல. நீ தச்சதுன்னு அவுகளுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. அந்தத் தையலப் பாத்துத்தான் சரின்னாகளாம். நான்தான்…”

அந்தப் பக்கம் டாக்டர் வீட்டு ரேடியோவில் விவசாயச் செய்தி கேட்டது. மீட்டரில் சிவப்பு எழுத்துகள் மாறிக்கொண்டே இருந்தன.

“அப்படியா,” என்றாள் ருக்மிணி. பிறகு, “அவுககிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க,” என்றாள். அம்மாவைச் சொல்கிறாளா, மகனைச் சொல்கிறாளா என்று லீலாவதி கேட்கவில்லை. “வச்சிரட்டா மதினி? டாக்டர் வீட்டுல எல்லாரும் சாப்பிட ஒக்காந்திருக்காவ. கல்யாணத்துக்கு ரெண்டு நா முந்தியே வந்துருங்க.”

லீலாவதி வெளியே வந்தாள். வெயில் உறைத்தது. எதிரே மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து விசாலாக்ஷி நின்றிருந்தாள். அவளைக் கண்டதும் மாவு ஒட்டிய கையைத் தூக்கி, என்ன ஆயிற்று என்று கேட்பதுபோல அசைத்தாள். அவளுக்குப் பின்னால், இதற்குள் மேலே வந்து வடாமுக்குக் காக்கை விரட்டிக்கொண்டிருந்த சந்திரசேகரும் வேலையை விட்டுவிட்டுச் சுவரருகே வந்து நின்றான்.

இங்கிருந்தே தலையை அசைத்துவிட்டு பஸ் ஏறிவிடலாம். நாளைக்கு வந்து விவரமாகச் சொல்லலாம். லீலாவதி அரை நிமிஷம் நின்றாள். பிறகு ரோட்டைக் கடந்து படியேறினாள்.